வெண்பாக்கத்து ஊன்றுகோல்

இடர் வந்துற்ற காலத்து உயிர் தன்னை எவ்வாறு நோக்குதல் வேண்டும் என்னும் வினா, சாத்திர ஆராய்ச்சியின்பாற் பட்டதாகத் தோன்றினும், வீட்டுத் திண்ணையிலும் நோயாளர் கட்டிலருகிலும் நாள்தோறும் எழுவதொன்றாம். செல்வம் சென்றவழியும், உடல் தளர்ந்தவழியும், தாம் செய்த பிழை தம்மையே சுட்டவழியும் மக்கள் பெரும்பாலும் இரண்டனுள் ஒன்றைச் செய்கின்றனர். ஒருசாரார், 'எம்மிடத்துக் குறையொன்றும் இல்லை. காலமும் பிறருமே எம்மைக் கெடுத்தனர்' என்று தம்மை மறைக்கின்றனர். மற்றொருசாரார், 'யாம் எதற்கும் உதவாதேம். எமக்கு இனி உய்தியில்லை' என்று தம்மை இகழ்கின்றனர். முன்னையது தன்னை வியத்தல். பின்னையது தன்னை வெறுத்தல். இவ்விரண்டின் வேறாய மூன்றாம் நெறியொன்று உண்டென்பதும், அந்நெறி நம் சித்தாந்தத்தின் உயிரிலக்கணத்தினின்றே பிறப்பதென்பதும் ஈண்டு யாம் கூறப் புகுந்தனவாம்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டுவதின்று. தென்னாட்டில் முதன்முதல் 1856ஆம் ஆண்டு புகைவண்டி ஓடிய பாதையில், சென்னைக்கும் அரக்கோணத்திற்கும் இடையே செவ்வாப்பேட்டை என்னும் ஊர் உளது. ஆண்டு நிற்பார்க்குக் கிழக்கே திருநின்றவூரும், அதற்கும் கிழக்கே வடதிருமுல்லைவாயிலும் உள. மேற்கே திருவள்ளூரும், அதற்கு அப்பால் ஆற்றங்கரையிற் பூண்டியும், பாதையோடே மேலுஞ் செல்லத் திருவாலங்காடும் உள. இன்று காக்களூர்த் தொழிற்பேட்டைக்கும், வடக்கே கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்கும், சென்னை நகர்க்கும் விடியற்காலையிலேயே வேலைக்குப் புறப்படுவோர் நிறைந்த இந்நிலம், முன்னொரு காலத்து நம்பியாரூரர் இரு கண்ணும் இழந்து கடந்துசென்ற நிலமாகும். அவர்தம் வரலாற்றை விரித்தருளிய சேக்கிழார் பெருமானும் இத்தொண்டைநாட்டுக் குன்றத்தூரினரே.

வரலாற்றை நம் அன்பர்கள் நன்கறிவர். ஆயினும் பொருட்டொடர்பு பற்றிச் சில கூறுதும். திருவொற்றியூரிற் சங்கிலியாரை மணந்த நம்பிகள், 'நின்னைப் பிரியேன்' என்று மகிழின்கீழ்ச் சூளுரைத்தார். பின்னர்த் தென்றல் வீசும் காலம் வர, ஆரூர்ப் பெருமானது வசந்த விழாவை நினைந்து ஆற்றாராய், சூளை மறந்து ஒற்றியூரின் எல்லையைக் கடந்தார். கடந்த அளவிலே கண்ணொளி மறைந்தது. மயங்கி நின்றார்; இறைவனைப் பாடினார்; ஒளி வந்திலது. அவ்வழி மீளாது, திருவாரூரை நினைந்தே நடந்தார். மாசிலாமணி என்னும் திருப்பெயருடையான் வீற்றிருக்கும் முல்லைவாயிலில், மாசுற்ற தம் நிலையைச் சொல்லி வேண்டினார். அங்கும் ஒளி வந்திலது. அடுத்துத் திருவெண்பாக்கம் சேர்ந்தார். ஆண்டுக் கோயிலின் முன்னின்று, 'பெருமானே, நீர் இக்கோயிலுள் இருக்கின்றீரோ?' என்று வினவினார். இறைவன் கண்ணை அளித்திலன். ஊன்றுகோல் ஒன்றை அளித்தான். தான் அங்கிருப்பதைச் சொல்லி, அவரைச் செல்லுமாறு விடைகொடுத்தான். ஏழாம் திருமுறையில் 89ஆவதாக உள்ள பதிகம் இவ்வுரையாடலைச் சுற்றியே எழுந்ததாகும்.

இப்பதிகத்தில் நம்பிகள் தம்மை நோக்கியவாறு யாது என்பதே நாம் ஆராயவேண்டுவது. முதலாவது, அவர் பிழையை மறைத்திலர். பிழைத்தேன் என்றே தொடங்குகின்றார். சூள் செய்தது உண்மையன்றென்றாவது, விழாவைக் காணும் அன்பினாற் சென்றமையின் அது பிழையாகாதென்றாவது அவர் வாதித்திலர். இரண்டாவது, பிழைத்தமைபற்றித் தம் அடிமைநிலையை அவர் கைவிட்டிலர். பொறுப்பவன் என்று நம்பியே அடியேன் பிழைத்தேன், நினக்கு வரும் பழியையும் நோக்காது கண்ணை மறைத்தனையே என்று உரிமையோடு வழக்காடுகின்றார். தன்னை முற்றும் இகழ்ந்தானொருவன் இவ்வாறு வழக்காடமாட்டான். அவன் தலைகவிழ்ந்து வாயிலின் புறத்தே ஒதுங்குவன். குற்றவாளியாய் நின்றும் தோழனாயே பேசுதற்கு, குற்றம் வேறு, தான் வேறு என்னும் உணர்வு வேண்டும். மூன்றாவது, அவர் நடத்தலை நிறுத்திலர். ஒளி வந்தபின் செல்வேம் என்று வெண்பாக்கத்திலே அமர்ந்தாரில்லை. கொடுத்த கோலை ஊன்றித் திருவாலங்காட்டின்வழிக் கச்சியை நோக்கிச் சென்றார்.

அஃதாவது, உள்ள நிலையை உள்ளவாறே தனதென்று ஒப்புக்கொள்ளுதல், அந்நிலையே தன் இயல்பென்று ஒப்புக்கொள்ளாமை, அந்நிலையினின்றே அடுத்த அடியை எடுத்துவைத்தல் என்னும் இம்மூன்றுமே தன்னை ஏற்றல் எனப்படும். இவற்றுள் ஒன்று குறையினும் ஏனையவும் குறையும். முதலாவது இல்லையேல் தற்புகழ்ச்சியாம். இரண்டாவது இல்லையேல் தன்னிகழ்ச்சியாம். மூன்றாவது இல்லையேல் மடியாம்.

இனி, குற்றம் வேறு, உயிர் வேறு என்றல் யாங்ஙனம் பொருந்தும்? குற்றஞ் செய்தது அவ்வுயிரே அன்றோ எனின், இக்கடா நம் ஆசிரியர்க்குப் புதிதன்று. அறியாமை உயிரின் குணமே என்பாரை மறுக்குமிடத்து அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் எடுத்துக்கொண்ட உவமை, வியக்கத்தக்கவாறு, குருடன் கண்ணே ஆகும். கண்ணை மறைத்த குற்றம் கண்ணினிடத்தே இருப்பதாயினும், அது கண்ணின் குணமாகாது. குணமாயின் கண் என்னும் பெயரே அதற்குப் பொருந்தாதொழியும். கண்ணின் குணம் காண்டல். படலம் அதனை மறைத்து நிற்கும் பிறிதொரு பொருள். அதுபோலவே ஆணவமலம் அநாதியே உயிரைப் பற்றியதாயினும், செம்பிற் களிம்பு போலவும் நெல்லின் உமி போலவும் உடன்கிடந்ததாயினும், உயிரின் குணமாகாது. உயிர் அறிதற்றன்மையுடையது, சார்ந்ததன் வண்ணமாவது. இருளைச் சார்ந்தவழி இருளாய் நின்றது, ஒளியைச் சார்ந்தவழி ஒளியாய் நிற்கும். ஆகலின், 'யான் தீயேன்' என்னும் சொல்லை இருவகையாற் சொல்லலாம். 'என்னைப் பற்றிய மலம் இது செய்வித்தது. அதனோடு யான் இயைந்தேன். இனி இயையேன்' என்னும் கருத்தொடு சொல்லின் அது மெய்யுணர்வு. 'என் இயல்பே இது. இனி மாறுதலில்லை' என்னும் கருத்தொடு சொல்லின் அது சித்தாந்தத்தோடு மாறுபட்ட பொய்.

மேலும், தன்னை வெறுத்தல் பணிவுபோலத் தோன்றினும் பணிவன்று என்பதை நம்மனோர் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். 'யான் உய்யேன்' என்பானை உற்று நோக்குமின். அவ்வுரையில் 'யான்' என்பது தேய்ந்ததில்லை, தடித்தே நிற்கின்றது. தன்னைப்பற்றி இறுதித் தீர்ப்புக் கூறுதற்கு உரியான் இறைவன். அவன் இருக்கையிலே தான் ஏறியமர்ந்து, 'இவ்வுயிர் ஆகாது' என்று தீர்ப்புக் கூறுபவன், தன்னைப் புகழ்வானைப் போலவே தற்போதத்தில் அழுந்தியவனாவான். புகழ்வானைத் திருத்தப் பலருளர். வெறுப்பானைப் பணிவுடையான் என்று மயங்கிப் பாராட்டுவாரும் உண்டாகலின், அவன் பிணி எளிதிற் புறந்தோன்றாது. அதுவே அதன் கொடுமை.

இனி ஊன்றுகோலின் பொருளை நோக்குவோம். கண்ணைக் கொடுக்க வல்லான் கோலைக் கொடுத்தது என்னை? அருள் இன்மையாலன்று; அருளின் ஒரு முறைமையால் என்க. மறைத்தலும் ஐந்தொழிலுள் ஒன்று. திரோதான சத்தி அருட்சத்தியின் வேறன்று. புண்ணை அறுத்துச் சுடும் மருத்துவனும், மகனைக் கடிந்து திருத்தும் தந்தையும் அன்பினாலேயே அவ்வாறு செய்வர் என்று சித்தியார் காட்டும். ஆயினும், மறைக்கும் அருள் உயிரை முற்றும் கைவிட்டு மறைப்பதில்லை என்பதற்குக் கோலே சான்று. வெண்பாக்கத்திற் கோல், கச்சி ஏகம்பத்தில் இடக்கண், திருவாரூரில் வலக்கண். இவ்வாறு படிப்படியாக வந்தது அருள். படிமுறை என்பது நம் சமயத்துக்கே உரிய பெருங்கொள்கை. அது கலைகளிலும் சாதனங்களிலும் மட்டுமன்று, துன்பம் நீங்கும் வகையிலும் உளது.

இறைவன் விடையின் சொற்போக்கையும் ஓர்தல் வேண்டும். தம்பிரான் தோழரென்று பெயர்பெற்றாரை நோக்கி, அயலார் ஒருவரை நோக்குவார்போல மரியாதைப் பன்மையிலே மறுமொழி வந்தது. நெருங்கிய நண்பன் திடீரெனப் பன்மையிற் பேசுவானாயின் அஃது எத்துணைச் சுடும் என்பதை உலகியலறிந்தார் யாவரும் அறிவர். அக்குளிர்ந்த மறுமொழியை நம்பிகள் பாட்டுத்தோறும் முடிவிலே வைத்துப் பாடுகின்றார்; அதனை மறந்தாரில்லை. அம்மறுமொழியினுள் இரண்டு செய்திகள் உள. இருக்கின்றேம் என்பது ஒன்று. நீர் செல்லும் என்பது ஒன்று. முன்னது இறைவன் உயிரோடு உடனாய் நிற்றலைக் குறிக்கும். பின்னது நடத்தல் உயிரின் செயல் என்பதைக் குறிக்கும். ஒன்றாய், வேறாய், உடனாய் நிற்றலே நம் அத்துவிதம். அவற்றுள் உடனாதல் என்பது இன்பக் காலத்தில் ஏட்டறிவாய் இருப்பது; துன்பக் காலத்திலே அதுவே ஊன்றுகோலாவது.

நம்பிக்கை என்பதன் இலக்கணத்தையும் இதனால் அறியலாம். வேண்டியது வேண்டியவாறே, வேண்டிய நாளிலே வந்தே தீரும் என்னும் துணிபு நம்பிக்கையன்று; அஃது ஆசையின் வேறுபெயர். அது நிறைவேறாதவழி உடைந்துபோம். உடனிருப்பான் ஒருவன் உளன் என்றும், இருக்கும் இருளினூடும் ஓரடி வைக்கலாம் என்றும் துணிதலே நம்பிக்கை. கோல் முழுவழியையும் காட்டாது. அடுத்த அடி மேடோ பள்ளமோ என்பதை மட்டும் காட்டும். அவ்வளவும் போதும். ஓரடியளவே தெரிந்தும் அவர் கச்சியையும் ஆரூரையும் சேர்ந்தார்.

அற்றேல், இறைவனோடு வழக்காடலும் சினத்தலும் நம்பிக்கைக்கு மாறல்லவோ எனின், அன்று. கோல் பெற்ற நம்பிகள் அதனைச் சினந்து எறிந்தனர் என்றும், அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்றும் அத்தலத்தார் வழிவழியாகக் கூறுவர். திருவாரூரிலும், அடியார் துன்பத்தைக் கண்டு வாளாவிருப்பீராயின் நீரே நன்றாக வாழ்ந்திரும் என்னும் கருத்துப்படவே அவர் பாடினார். துன்பத்தைத் துன்பமென்று சொல்லுதல் குற்றமன்று. இறைவனை நோக்கியே சொல்லும்வரை அது வழிபாட்டின் புறத்ததாகாது. இல்லான் ஒருவனோடு யாரும் வழக்காடார்; வழக்காடலே உளன் என்பதற்குச் சான்று. ஆகலின், துன்புற்றார் அழும்பொழுது 'அழாதே, இது பத்திக்கு மாறு' என்று தடுப்பார், பத்தியின் ஒரு வாயிலை அடைப்பாராவர்.

இதுகாறும் பிழையால் வந்த இடரைப்பற்றிக் கூறினேம். இடர்ப்படுவார் யாவரும் பிழைத்தவரே எனக் கொள்ளற்க. அதற்குத் திருத்தொண்டத்தொகையிலே சான்றுகள் உள. தண்டியடிகள் பிறவியிலேயே கண்ணில்லாதவர். எனினும் அவர்பால் ஒரு பிழையையும் புராணம் கூறிற்றில்லை. கம்பம் நட்டுக் கயிறு கட்டித் தடவித் தடவி ஆரூர்க் குளத்தின் மண்ணை அகழ்ந்தார். கண்ணின்மையைப் பழித்துரைத்தாரைப் புராணம் புகழ்ந்ததில்லை. பழிக்கப்பட்டாரையே நாயனாராக வைத்து வணங்குகின்றோம்.

செவ்வாப்பேட்டைக்கு அண்மையிலுள்ள திருநின்றவூரிற் பூசலார் நிலையும் அத்தகையதே. இறைவனுக்குக் கற்கோயில் எடுத்தல் வேண்டுமென்பது அவர் வேட்கை. எங்கும் திரிந்து வருந்தித் தேடியும் சிறுபொருளும் கிட்டிற்றில்லை. அப்பொழுது அவர் தம் வேட்கையைப் பொய்யென்று தள்ளினாரில்லை. தம் வறுமையை இல்லையென்று மறைத்தாரும் இல்லை. உள்ளது உள்ளமே எனக் கண்டு, உள்ளத்திலேயே கல்லும் மரமும் தச்சரும் நாளும் கோளும் அமைத்து, அடிநிலை முதல் கும்பம் வரை முறைதவறாது எழுப்பினார். காஞ்சியிற் கற்றளி எடுத்த காடவர் கோமானுடைய குடமுழுக்கு நாளை மாற்றச்செய்து, இறைவன் அந்நாளில் இவர் கோயிலிற் புகுந்தான். மன்னன் நின்றவூர்க்கு வந்து பூசலார் கோயில் யாதென வினவ, ஊரார் அறிந்திலர். தம் குறையை ஏற்றல் என்பது வேட்கையைக் குறைத்தலன்று. இருக்கும் பொருளைக்கொண்டு முழுமையாகச் செய்தலே என்பதை இவர் வரலாறு காட்டும். பொருளில்லாமையால் மனக்கோயிலை அவர் அரைகுறையாக விட்டிலர் என்பதை நோக்குக.

ஈண்டு ஒன்றை வற்புறுத்தல் எமது கடனாகின்றது. வினைக்கொள்கை நம் சமயத்தின் தூண்களுள் ஒன்று. சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்னும் மூன்றனுள் நுகரப்படுவது பிராரத்தம். நுகர நுகர அது தேயும். ஆகலின் துன்பம் குவிவதன்று, கழிவது என்று ஒருவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வானாயின், அக்கொள்கை அவனுக்கு மருந்தாகும். அதனையே பிறனொருவன் துன்பத்தின்முன் நின்று, 'இஃது உன் வினை' என்று கூறுவானாயின், அம்மருந்தே கல்லாகும். என்னை? வினை சடம், தானே பயனைக் கொடாது. இன்னார்க்கு, இன்ன வினைக்கு, இன்ன காலத்து, இன்ன பயன் என்று வகுத்துக் கூட்டுவான் இறைவன் ஒருவனே என்பது நம் துணிபு. அவ்வாறாயின், அவன் ஒருவனே அறிந்த கணக்கைத் தான் அறிந்தான்போல எடுத்துரைப்பவன், வினைக்கொள்கையைப் போற்றினான் அல்லன். அதனைத் தந்த இறைவனது அறிவைத் தனதாக்கிக் கொண்டவன் ஆவான்.

2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றுப் பரவி ஊரடங்கு வந்தபோது ஆலைகள் அடைபட்டன. நாட்கூலியை நம்பியிருந்தார் பலர் கூலியிழந்தனர். வடபுலத்தினின்று வந்து உழைத்தோர் பலர் ஊர்திரும்ப வழியின்றி நின்றனர். வேலையிழந்தான் ஒருவன், மனைவி மக்கள் முகத்தை நோக்கி, 'யான் பயனற்றவன்' என்று தன்னுள்ளே கூறிக்கொண்ட இரவுகள் எத்துணையோ! அத்தகையார்க்கு வினையென்னும் சொல்லை மட்டும் அளித்தாரும் உளர். ஒருவேளைச் சோறும், வீட்டு வாடகைக்குச் சிறுபொருளும், வேறு வேலைக்கு ஒரு வழியும் அளித்தாரும் உளர். பின்னவரே வெண்பாக்கத்துப் பெருமானது செயலைச் செய்தவர். பிழை செய்தார் முன்னே நின்றபோதும் இறைவன் பிழையை விரித்து உரை நிகழ்த்திலன், கோலை நீட்டினான். பிழையே செய்யாதார்க்கு நாம் கோலை மறுத்து உரையை நீட்டுதல் எவ்வாறு தகும்? சோறிடுதலும் நோய்க்கு மருந்திடுதலும் மடங்களின் பழைய அறங்கள். அவற்றோடு, தம்மைத் தாமே வெறுத்து நிற்பார்க்குக் குற்றம் வேறு உயிர் வேறு என்னும் சித்தாந்தத்தை எளிய சொல்லால் எடுத்துரைத்தலும் அறமாகும். சாத்திரம் கற்றார் கற்றதனாற் பயன் அதுவே.

இடருற்றார்க்கு யாம் சொல்லத்தகுவது சிறிதே. நுமக்கு உற்றதை இல்லையென்று மறைக்கவேண்டா. பிழையுளதேல் பிழையென்றே சொல்லுமின். அப்பிழையாவது அவ்விழப்பாவது நும் பெயரென்று கொள்ளவேண்டா. படலம் கண்ணின் பெயரன்று. அழவேண்டின் இறைவனை நோக்கி அழுமின். வழக்காடவேண்டின் அவனோடே வழக்காடுமின். கேட்டது வாராது வேறொன்று வந்ததேல், அதனைத் தள்ளாது கையிற் கொண்மின். கண் கேட்டார்க்குக் கோல் வந்தது. பிறகு ஓரடி நடமின்.

நம்பிகள் கோல்பெற்ற திருவெண்பாக்கத்தை இன்று காணச் செல்வார் அப்பழைய இடத்தைக் காணுதல் இயலாது. கொசத்தலையாற்றின் குறுக்கே சென்னைக்குக் குடிநீர் வேண்டி 1944ஆம் ஆண்டு கட்டிமுடிக்கப்பெற்று, சத்தியமூர்த்தியின் பெயர் தாங்கிய பூண்டி நீர்த்தேக்கத்துள் அவ்விடம் மூழ்கிற்று. பெருமான் பூண்டியிற் புதிதெடுத்த கோயிலில் எழுந்தருளியுள்ளான். ஊன்றீசன் என்பது அவன் திருப்பெயர். மின்னொளியம்மை என்பது அம்மையின் திருப்பெயர். உள்ளேம் என்று கூறிய கோயில் நீருட் சென்றும், கூறியவன் இன்மை எய்திலன். இடம்பெயர்ந்தும் அடியார்க்கு எளியனாய் அங்கே இருக்கின்றான். அவன் பழைய இருக்கையின்மேல் தேங்கிய நீரைப் பல்லாயிரவர் பருகுகின்றனர். இழந்த இடத்திலிருந்தும் பிறர்க்குப் பயன் விளைதல் உண்டு என்பதற்கு இதனினும் வேறு காட்டு வேண்டுமோ?

கோலூன்றி நடப்பார் யாவர்க்கும் அவன் துணையாகுக. அவர்க்குக் கோல் நீட்டும் கைகள் நம் சைவ நன்மக்களிடத்தும் திருமடங்களிடத்தும் பெருகுக.

திருச்சிற்றம்பலம்.